நொத்தாரிசு யாருடைய ஆள்?

மதீசன் பொய் சொல்லமாட்டான் என்று றெக்ஸ் சாதித்தார். பீலெஃபெல்ட் நகரத் தமிழ்ப் பூசையில் முன்வரிசையில் நிற்கிறவனாம்! அவர் மனைவி பேர்பெச்சுவாவுக்கு எரிச்சல்தான் வந்தது. அவன் இங்கே மாக்லர்; நம் ஊரில் சொன்னால் வீட்டுப் புறோக்கர். வீட்டை விற்கிற எவ்லின் என்ற அம்மா பிடித்த ஆள். பூசைக்கு வந்தால் வாங்குகிறவர் பக்கம் சாய்ந்துவிடுவானா?

பேர்பெச்சுவாவுக்கு வேண்டியது வாசலோடு ஒட்டிய கார் நிறுத்துமிடம். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு றெக்ஸால் தெருக்கோடியிலிருந்து நடக்க முடியாது. "அதுவும் வீட்டோடதான் அக்கா" என்று மதீசன் வாயால்தான் சொல்லியிருந்தான். கட்டடத்தைப் பராமரிக்கும் ஃபெர்வால்டர் பெண்ணைக் கேட்டாள். "அந்த இடமும் எவ்லினுடையதுதான். ஆனால் எதெதை விற்கிறார் என்பது நோட்டார் எழுதுவதில்தான் இருக்கிறது" என்றாள் அவள். நோட்டார் என்றால் நம் ஊர் நொத்தாரிசு.

கையெழுத்து நாளில், எவ்லினும் மதீசனும் இருக்க, நோட்டார் பத்திரத்தை முழுவதும் உரக்க வாசித்தார். இங்கே சட்டம் அப்படி. றெக்ஸ் கோயிலில் வாசகம் கேட்பதுபோல் கைகட்டி இருந்தார். கடைசிப் பக்கமும் வந்துவிட்டது, நிறுத்துமிடம் வரவில்லை. பேர்பெச்சுவா றெக்ஸின் முழங்கையைத் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, இடத்தைப் பற்றி ஒண்டும் வரேல்லை."

"பேசாமல் இரும். இந்த நொத்தாரிசைப் பிடிச்சது மதீசன். பிடிச்சவன்ர பக்கம்தானே கதைப்பார்?"

யாழ்ப்பாணத்தில் என்றால் அது சரி. இங்கே நோட்டார் எவர் பக்கமும் இல்லை. புரியாததைக் கேட்கத்தான் இந்த வாசிப்பே. பேர்பெச்சுவா கையை உயர்த்தினாள்.

"ஐயா, நிறுத்துமிடம் எங்கே?"

"அது பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று மதீசன் முந்திக்கொண்டான்.

நோட்டார் கண்ணாடியைக் கழற்றினார். "இதில் இல்லாததை நீங்கள் வாங்கவில்லை, அம்மா." பிறகு எவ்லினைப் பார்த்தார்.

"இதே விலைக்குள் அதுவும் என்று மாக்லரிடம் அன்றே சொன்னேனே!" என்றார் எவ்லின். அதைத் தனியாக இன்னொருவருக்குத் தள்ளி இன்னொரு தரகு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருந்த மதீசனின் முகம் செத்துப்போனது. நோட்டார் நிலப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார், புதிய பந்தியைச் சேர்த்தார், அதையும் உரக்க வாசித்தார். பேர்பெச்சுவாவுக்கு எழும்பி நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கையெழுத்தைக் கொட்டை எழுத்தில் போட்டாள்.

சாவி வாங்கப் போன அன்று, வாசலடி நிறுத்துமிடத்தில் மதீசன் தன் காரோடு நின்றான். பேர்பெச்சுவா வாய் திறக்குமுன் றெக்ஸ் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, காரை எடும். அது என்ர மனுசி வாங்கின இடம்."