ஆடிட்டர் தம்பி

தம்பி ஆடிட்டர் ஆகிவிட்டான் என்று தையல்கார அக்கா சபை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். இனி சபைக் கணக்கை அவனே பார்த்துக்கொள்வான் என்று போதகரிடம் வாக்கும் கொடுத்தாயிற்று. அம்மா போனதிலிருந்து எட்டிப்பார்க்காத மகராசன் இன்று கடைக்கு வந்த பிறகுதான் குட்டு உடைந்தது. அவன் போய்ச் சேர்ந்திருக்கும் சயின்டாலஜி என்ற அமெரிக்க மதத்தில் ஆடிட்டர் என்றால் கணக்குப் பார்ப்பவர் இல்லையாம். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவராம்.

அம்மாவின் நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாதென்று அக்கா துணியைக் குவித்து வைத்திருந்தாள். தம்பிக்கு முக்காலிதான்.

"மீட்டரோட சேந்த குழாயக் கைக்கு ஒண்ணாப் பிடிச்சுக்கணும்க்கா. பழைய வலி எங்க ஒளிஞ்சிருக்குன்னு மீட்டர் முள்ளு காட்டும்."

"கரன்ட் ரீடிங் எடுக்க வந்தவன்னு சொல்லு." பாடகர் குழு அங்கிக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவன் விடுவதாயில்லை. மனுஷன் வெறும் உடம்பில்லையாம், சாகாத 'தேட்டன்' என்ற ஆவியாம். பல பிறவி எடுத்தவனாம், அடிப்படையில் நல்லவனாம். வலியின் பதிவுகள்தான் அவனைக் கெடுக்கின்றனவாம். அவற்றை அழித்துவிட்டால் அவன் 'கிளியர்'. அதற்கப்புறமும் 'பாலம்' என்கிற விடுதலைப் பாதையில் படிப்படியாக ஏறலாமாம்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிறு பள்ளி வாண்டுகளுக்கு ஆதாமிலிருந்து பாடம் எடுக்கிறவளிடமா இந்தக் கதை! இவ்வளவு நேரம் பேசியவன் வாயில் பாவம் என்ற சொல் ஒருமுறையாவது வந்ததா? பாவமே இல்லையென்றால் சிலுவைக்கு அங்கே என்ன வேலை?

"நாங்க எங்கயும் ஏறலடா. அவரு இறங்கி வந்தாரு. அதுக்குப் பேருதான் கிருபை. படியும் கிடையாது, முள்ளும் கிடையாது. சும்மா கிடைக்குது."

"அம்மா விஷயத்தையும் அங்க குழாயப் பிடிச்சுப் பேசி முடிச்சிட்டேன்க்கா. இப்ப நினைச்சா வலிக்கல."

மிஷின் நின்றது. 'சின்னவன் வந்துட்டானா' என்று கேட்டுக் கேட்டே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள் அம்மா. இவன் போனை அணைத்து வைத்திருந்தான். இவனுக்கு வலிக்கவில்லையாம்!

"உனக்கு வலிக்கலன்னா ஆச்சா? அம்மாவுக்கு வலிச்சுதேடா! நீ செஞ்சது தப்பு. தப்ப மீட்டர் வச்சு அழிக்க முடியாது, மன்னிக்கத்தான் முடியும். மன்னிப்புக் கேக்க வாய் வரல, வந்துட்டாரு தேட்டன்!"

தம்பியின் முகம் தொங்கிப்போனது. "அங்க வலிக்கலன்னுதான் சொன்னேன். இங்க வந்து அந்த நாற்காலியப் பாத்ததும்..." மூக்கை உறிஞ்சினான். "தப்புதான்க்கா. மன்னிச்சிடு."

இத்தனை காலமும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வந்ததும் வாய் சும்மா இருந்ததா?

"சொன்னா ஆச்சா? மொதல்ல, ஆஸ்பத்திரியில அம்மா கூடவே இருந்த பெரியம்மாகிட்ட போய்க் கேளு. அப்புறம் அந்த மீட்டரத் தல முழுகு. ஞாயித்துக்கிழம சபை முன்னாடி நின்னு அழு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஒழுங்கா இருக்கியான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"சும்மா கிடைக்குதுன்னியேக்கா. இது எத்தனாவது படி?"

இவ்வளவு நேரம் அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பெல்லாம் தன் மேலேயே திரும்பி விழுந்ததுபோல் அவளுக்குக் கூசியது. எழுந்துபோய் அம்மாவின் நாற்காலியில் கிடந்த துணிகளை வாரித் தரையில் போட்டாள்.

"உக்காருடா," என்றாள்.