பெட்டி மாறவில்லை

என் மனைவி ஷிகேனோவைப் போல அரக்கு பூசுகிறவர்கள் எங்கள் ஊரான வாஜிமாவிலேயே குறைவு. மரத்தைக் கடைந்து கிண்ணமாக்குவது என் வேலை. விளிம்பில் துணி ஒட்டி, சுட்ட மண்பொடியை அரக்கில் குழைத்துப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி ஒரு தொகுதியை அவள் முடிக்க ஓராண்டு ஆகும். அதன் பிறகே கிண்ணம் வைக்கும் பெட்டியின் மூடியில் தன் பெயரை எழுதுவாள்.

ஓர் அக்டோபரில் ஹிமி ஊரிலிருந்து நிஷியோகா என்ற மீனவர் ஒரு பெட்டியோடு வந்தார். மகள் கல்யாணத்துக்குக் கனஸாவா நகரத்துப் பெரிய கடை ஒன்றில் வாங்கிய சூப் கிண்ணங்களில் ஒன்று. ஒரே மாதத்தில் பூச்சு உரிந்துவிட்டது.

"உங்க பேரை நம்பித்தாம்மா வாங்கினேன். சம்பந்தி வீட்டுல தலை நிமிர முடியல."

ஷிகேனோ கிண்ணத்தை எடுத்து நகத்தால் தட்டினாள். "இது மரமே இல்லைங்க. பிளாஸ்டிக்."

மூடியில் அவள் கையெழுத்தேதான். ஆனால் அச்சடித்தது.

மறுநாள் மூவரும் கனஸாவாவுக்கு ரயிலேறினோம். அவள் தன் கிண்ணம் ஒன்றையும் என் ரம்பத்தையும் துணியில் முடிந்துகொண்டாள்.

அந்தப் பெரிய கடையில் பாத்திரப் பிரிவு மேலாளர் குசுமோட்டோ. ஒன்பது வருடமாக எங்களிடம் சரக்கு எடுத்தவர். உள்ளறைக்கு அழைத்துத் தேநீர் வைத்தார்.

"நீங்க தர்றது வருஷத்துக்கு நாப்பது. கேட்டு வர்றவங்க நானூறு பேர். நான் என்னம்மா பண்றது? வாங்குறவங்களுக்கு வித்தியாசமா தெரியப்போகுது? உங்க பேருதானே பரவுது!"

"தெரியாதா? சரி, தெரியவைக்கிறேன்."

தேநீரைத் தொடாமல் எழுந்து கடைக்கூடத்துக்கே வந்தாள். சனிக்கிழமைக் கூட்டம். மேசைமேல் தன் கிண்ணத்தை வைத்தாள்.

"ஏங்க, கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

ஓராண்டு உழைப்பு. இருந்தும் பிடித்தேன். அவள் அறுத்தாள். பிறகு போலியையும் அறுத்தாள்.

"பாருங்க! இது மரம், இது துணி, இதெல்லாம் பூச்சு. இந்தப் பக்கம் பாருங்க, வெறும் பிளாஸ்டிக். என் பேரைப் போட்டு இவர் வித்தது இதைத்தான்!"

"அம்மா, மெதுவா, மெதுவா…" குசுமோட்டோ கையைப் பிசைந்தார்.

"நான் எதுக்கு மெதுவாப் பேசணும்? திருடினது நானா?" என்றாள்.

"ஐயையோ, எங்க வீட்டுல இருக்கிறது எதுன்னு தெரியலையே!" என்று கூட்டத்தில் ஒரு பெண் அலறினாள்.

கடை போலிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆனால் செய்தித்தாளில் என்ன அறிவிப்பு கொடுத்தார்கள் தெரியுமா? 'பெட்டிகள் தவறுதலாக மாறிவிட்டமைக்கு வருந்துகிறோம்.' குசுமோட்டோவுக்கு அடுத்த வசந்தத்தில் பதவி உயர்வு. எங்கள் ஊர் வியாபாரிகள் நான்கு பேர் சரக்கு எடுக்க வருவதை நிறுத்திக்கொண்டார்கள். "பொம்பளைக்கு இவ்வளவு திமிரா?" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவருக்கு இன்றுவரை நான் வணக்கம் சொல்வதில்லை.

நிஷியோகாவின் மகளுக்கு அசல் கிண்ணங்கள் அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்தன. அவர் சொல்லி ஹிமியிலிருந்து ஆட்கள் நேராகவே வரத் தொடங்கினார்கள்.

மறுப்பு வெளியிடும்படி ஷிகேனோ செய்தித்தாளுக்கு மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு பலகையில் கறுப்பு அரக்குப் பூசி, 'பெட்டி மாறவில்லை. குசுமோட்டோ மாற்றினார்' என்று சிவப்பில் எழுதி, தெருவைப் பார்க்க வாசலில் அறைந்தாள். கழற்றச் சொல்லி ஊர் அரக்குத் தொழில் சங்கத்தலைவர் இரண்டு முறை வந்தார்.

"நல்ல அரக்குங்க. நூறு வருஷம் அழியாது," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.