இயல்பில்லாத பேச்சு

தன் கீழ் வேலை பார்த்த கோவிந்தராஜனின் ஆண்டு மதிப்பீட்டில் எந்தச் சொல்லைப் போடுவது என்று மஹாதேவன் ஒரு பிற்பகல் முழுவதும் யோசித்தார். ஆங்கிலத்தில் சரியான சொல்லைத் தேடிப் பிடிப்பதில் அவருக்குப் பெருமை உண்டு. வங்காளத்தில் சால்ட் லேக் பகுதியில் இருந்த அந்த மத்திய அரசு நிறுவன அலுவலகத்திலிருந்து டெல்லிக்குப் போகும் எந்தக் கடிதமும் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். 'பாம்பஸ்' என்று எழுதினால் தலைக்கனம் பிடித்தவன் என்றாகிவிடும். கோவிந்தராஜன் அப்படி இல்லை. 'ஸ்டில்டட்' என்றால் பொய்க்கால் கட்டி நடப்பது போன்ற விறைப்பு. அது எழுத்துக்குத்தான் பொருந்தும். 'தியேட்ரிக்கல்' என்றால் கையை ஆட்டி நாடகம் போடுகிறவன். கடைசியில் 'அஃபெக்டட்' என்று தட்டினார். தன்னிடம் இல்லாத மிடுக்கை வரவழைத்துக்கொண்டு பேசுகிறவன். பேச்சில் இயல்பு இல்லை என்று அடுத்த வரியில் சேர்த்தார். திருப்தியாக இருந்தது.

அவர் பொய் எழுதவில்லை. கோவிந்தராஜன் 'குட் மார்னிங்' சொல்லி யாரும் கேட்டதில்லை. 'அ மோஸ்ட் ப்ளசன்ட் மார்னிங் டு யூ' என்பார். தொலைபேசியை எடுத்தால் 'ராஜன், அட் யுவர் சர்வீஸ்'. காபி அவருக்கு 'தட் சதர்ன் பெவரேஜ்'. வங்காளிச் சகாக்கள் அவருக்கு லாட்சாகேப் என்று பெயர் வைத்திருந்தார்கள். தன்னைப் பிரபு என்று நினைத்துக்கொள்கிறவனுக்கு அந்த ஊரில் அதுதான் பட்டம். பக்கத்து மேஜை மித்ரா அந்தக் காலை வணக்கத்தை அப்படியே நடித்துக் காட்டுவார். மஹாதேவனும் சிரித்திருக்கிறார்.

அந்த வருடம் சென்னை அலுவலகத்தில் ஓர் உயர் பதவி காலியானது. மனைவியையும் மகளையும் சென்னையில் விட்டுவிட்டு, அரசுக் குடியிருப்பில் ஆறு வருடமாகத் தனியே சமைத்துச் சாப்பிடும் கோவிந்தராஜன்தான் வரிசையில் முதல் ஆள். வெளியாட்களிடம் பேசிப் பழக வேண்டிய வேலை என்பதால் அந்த இரண்டு வரிகளும் அங்கே எடை போடப்படும். மஹாதேவனுக்கு அது தெரியும்.

மதிப்பீட்டைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரலாம். கோவிந்தராஜன் படித்துவிட்டதாகக் கணினியில் குறிப்பு வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லேக் மார்க்கெட்டில் முத்துக்குமாரின் மளிகைக் கடைக்கு மஹாதேவன் போனபோது கோவிந்தராஜன் முதுகைக் காட்டி நின்றிருந்தார். முத்துக்குமார் எதுவும் கேட்காமல் காபித் தூள், கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று ஒவ்வொன்றாகப் பலகை மேல் வைத்தார். கோவிந்தராஜன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் இருந்ததும் வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு, மஹாதேவனைக் கவனிக்காமலே கூட்டத்தில் கலந்துவிட்டார்.

கடைக்காரனிடம்கூடப் பேச மாட்டாரா லாட்சாகேப் என்று மஹாதேவன் கேலியாகக் கேட்டார்.

"அவாளுக்குக் 'க'னா எழுத்து வந்தா வாய் பூட்டிக்கிடும் சார்," என்றார் முத்துக்குமார். "ஒரு மட்டம் சீட்டைக் கொண்டார மறந்துட்டாக. காப்பித்தூள்னு கேக்க நின்னாக பாருங்க, சொல்லு திக்கி மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. பின்னால நின்ன ஒருத்தன் சிரிச்சிட்டான். அதுலேருந்து நானே எடுத்து வச்சிருதது. நீங்க ஒரே ஆபீஸ்லா? தெரியாதா?"

தெரியாது என்றார் மஹாதேவன். வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்து டிராம் தண்டவாளத்தை ஒட்டி நடந்தார். குட். காபி. கோவிந்தராஜன். ஆறு வருடமாகக் கேட்ட அலங்காரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் அந்த ஒரு சத்தம் ஒளிந்திருந்தது. மனிதன் சொந்தப் பெயரைக்கூடப் பாதியாக வெட்டி வைத்திருந்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவரை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். கடையில் கேட்டதைச் சொன்னார். 

"நாளையோட தேதி முடியுது. ஆட்சேபம்னு ஒண்ணு எழுதிக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்னு ஒத்துண்டு நான் அதை எடுத்துடறேன்."

"என்னன்னு எழுதறது சார்?"

"உள்ளதை எழுதுங்க."

"சின்ன வயசுலேருந்து மறைச்சு வெச்சிருக்கறதே அந்த உள்ளதைத்தான் சார்."

"சரி, அது வேண்டாம். இந்த வரி நியாயமில்லைன்னு மட்டும் எழுதுங்க."

"ஏன்னு விசாரிப்பாங்க."

கேட்பாங்க என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி மூச்சு நின்றதை மஹாதேவன் இப்போதுதான் கேட்டார். தமிழிலும் இந்த மனிதன் சந்து சந்தாக வளைந்துதான் வந்துகொண்டிருந்தான்.

நானே டெல்லிக்கு எழுதட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் சார். தயவு பண்ணி வேண்டாம்," என்றார் கோவிந்தராஜன். "லாட்சாகேப்னு சிரிக்கறாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிடுச்சு. இன்னொரு சிரிப்பு இருக்கு, அதை என்னால தாங்க முடியாது. ஃபைல்ல ஏறிட்டா ரிட்டயர் ஆற வரைக்கும் அதுதான் என் பேரு."

வருத்தம் தெரிவிக்க மஹாதேவனிடம் ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் பொருந்தும் என்பதும் தெரியும். அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த நாள் மாலை ஆறரை வரை கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் வரவில்லை. ஒரு மாதம் கழித்துச் சென்னைப் பதவி ஐதராபாத்திலிருந்து ஒருவருக்குப் போனது.

அதன்பின் கோவிந்தராஜன் ஆளே மாறிப்போனார். தொலைபேசியில் 'யெஸ்' மட்டும். கூட்டங்களில் தன் குறிப்புகளை அக்ஷரா என்ற இளம் அதிகாரியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடுவார். லாட்சாகேப் கடைசியில் தரையிறங்கிவிட்டார், இப்போது பழக எவ்வளவு இயல்பாக இருக்கிறார் என்று மித்ரா உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்.

மஹாதேவன் தினமும் கொஞ்சம் முன்னதாகவே வந்து அறைக் கதவைத் திறந்து வைக்கத் தொடங்கினார். ஒன்பதரைக்குக் கோவிந்தராஜன் அந்த வழியாகப் போவார். வாசலில் தயங்குவார். உதடு லேசாகப் பிரியும், மூடிக்கொள்ளும். சிரித்தபடி கையை மட்டும் உயர்த்துவார்.

'குட் மார்னிங்' என்று சொல்ல மஹாதேவனுக்கு நாக்கு நுனி வரை வரும். சொன்னால் கோவிந்தராஜனும் பதிலுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். எனவே மஹாதேவனும் கையை மட்டும் உயர்த்துவார்.