தண்ணீர் இல்லாத வைரஸ்

ரேபிஸ் வந்தவன் தண்ணீரைக் கண்டால் அலறுவான். ரேபிஸுக்கு மருந்து தேடுகிற கம்ப்யூட்டருக்கும் தண்ணீர் ஆகாது என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அதற்குள் செய்தித்தாளில் அவள் படம் வந்துவிட்டது.

அவள் வேலை இதுதான். அந்த வைரஸ் பெருகுவதற்கு ஒரு புரதம் தேவை. அந்தப் புரதத்தின் உருவம் திரையில் சுழலும், அதில் ஒரு குழி இருக்கும். லட்சக்கணக்கான மருந்து மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக அந்தக் குழியில் உட்காரவைத்து மதிப்பெண் போடும். எலி, சோதனைக்குழாய் என்று ஒரு தொல்லையும் கிடையாது. முதல் மதிப்பெண் வாங்கிய மூலக்கூறுக்கு ஆய்வகத்தில் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒரு பொருத்தமாம். இயக்குநருக்கு அன்றைக்கே நிருபரைக் கூப்பிடாவிட்டால் சோறு இறங்காது. "நாய்க்கடிக்கு மருந்து ரெடி" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

வீட்டில் மாமனார் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பயணியையும் நம்பாதவர், மருமகளை மட்டும் நம்பிவிடுவாரா? படம் பார்த்துச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் என்றுதான் அவள் வேலையைப் பற்றி இத்தனை வருஷமும் சொல்லிவந்தார். செய்தி வந்ததும் சலூன், மருந்துக்கடை, லிஃப்ட் என்று ஓர் இடம் விடாமல் அந்தப் பக்கத்தைக் காட்டினார். அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு அது பிடித்திருந்தது, அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

பிறகுதான் தண்ணீர் வந்தது. புரதத்தின் படத்தை எடுத்ததும் அதில் ஒட்டியிருக்கிற தண்ணீர் மூலக்கூறுகளைத் துடைத்துப்போட்டுவிட்டுத்தான் எல்லோரும் கணக்கை ஆரம்பிப்பார்கள். கணக்கு சீக்கிரம் முடியும் என்பதால் ஒரு பழக்கம். அவளும் ஏன் என்று கேட்காமல் அதையே செய்திருந்தாள். உடம்புக்குள்ளே எங்கு பார்த்தாலும் தண்ணீர் என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற சங்கதி. தண்ணீரைத் திரும்ப ஊற்றி, புரதத்தை அசையவிட்டு, கம்ப்யூட்டரில் படமாக ஓட்டிப் பார்த்தாள். குழியில் ஏற்கெனவே தண்ணீர் குடியிருந்தது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நெளிந்தார், பிறகு கம்பி நீட்டிவிட்டார். மறுபடி ஓட்டினாலும் அதே கதைதான்.

இயக்குநர் அந்தப் படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். நிதி கொடுக்கிறவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள் என்று ஞாபகப்படுத்தினார்.

"உள்ள உக்காந்திருக்கிற வரைக்கும் காட்டுங்க, போதும். அதுவும் உண்மைதானே?" என்றார்.

அவள் தலையாட்டினாள். இப்படி யோசிக்கத் தெரிந்ததால்தான் அவர் இயக்குநர்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது மாமனார் கணுக்காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே தெருமுனையில் நாய் கடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டதற்கு, டாக்டரம்மா வீட்டிலேயே இருக்கும்போது அங்கே என்ன வேலை என்றார். ஆய்வகத்திலிருந்து அந்த மருந்தைக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். முதல் ஆளாகப் போட்டுக்கொள்ளப்போவதாக மருந்துக்கடையில் வேறு சொல்லி வைத்துவிட்டாராம்.

அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் காயத்தைக் கழுவினாள். உடனே தடுப்பூசி போட்டால் பிழைக்கலாம், நோய் தலைகாட்டிவிட்டால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, தன்னிடம் மருந்தே இல்லை என்று கெஞ்சினாள். அவர் பெருமையாகச் சிரித்தார். பெரிய விஞ்ஞானிகள் எல்லாரும் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்களாம். வெளியூரில் இருந்த கணவனுக்குப் போன் செய்தாள். அப்பாவிடம் நீயே பேசிக்கொள் என்று அவன் நழுவினான்.

வேறு வழி தெரியவில்லை. மடிக்கணினியைத் திறந்து முழுப் படத்தையும் ஓட்டினாள். டிக்கெட் இல்லாதவனைப் பார்ப்பதுபோல் அவர் குனிந்து பார்த்தார்.

"எங்க போறான் இவன்?"

"வெளிய போறான், மாமா."

"திரும்பி வருவானா?"

"வரமாட்டான். நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல மாமா. தப்பு பண்ணிட்டேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கஷ்டப்பட்டுச் சேர்த்த மரியாதை முழுவதும் அந்த ஒரு பார்வையில் போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

ஆஸ்பத்திரியின் நாய்க்கடிப் பிரிவில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. நர்ஸ் காயத்தைச் சுற்றி ஓர் ஊசியும் தோளில் ஓர் ஊசியும் போட்டுவிட்டு, சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"இப்பல்லாம் கூட்டமே இல்ல. அடுத்த ஊசிக்கு வரவேண்டியவங்ககூட வரல. போன் பண்ணினா, பேப்பர்ல புது மருந்து வந்திருக்காமே, அதுக்குக் காத்திருக்கோம்னு சொல்றாங்க."

மாமனார் ஒருவர்தான் ஏமாந்தார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியை எடுத்து, வெட்டாத படத்தை நிருபருக்கு அனுப்பினாள். மருந்து இல்லை, தவறு என்னுடையது, நாளைக்கே போடுங்கள் என்று கூடவே எழுதினாள். வராதவர்களில் யாரையாவது இப்போதே போனில் பிடித்துக் கொடுக்கும்படி நர்ஸிடம் கேட்டாள். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள், நாய் கடித்தது அவள் கணவனை. பேப்பரில் வந்த ஆராய்ச்சியாளர் நான்தான், அந்த மருந்து பொய், உடனே கிளம்பி வாருங்கள் என்று இவள் சொன்னாள். கண்டுபிடித்தவளே அதைப் பொய் என்பாளா, ஊசி விற்கிறவர்கள் செய்கிற வேலை இது என்று அந்தப் பெண் போனை வைக்கப்போனாள்.

தோளில் பஞ்சை அழுத்தியபடி வந்த மாமனார் ரிசீவரைப் பிடுங்கினார். ஒரு ரயில் பெட்டி முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு இன்னும் போகவில்லை.

"நான் அவ மாமனார் பேசறேன். என் மருமக ஒண்ணுமே கண்டுபிடிக்கலம்மா, நான் முழுப் படத்தையும் என் கண்ணால பாத்துட்டேன். இப்பத்தான் நானும் ஊசி போட்டுக்கிட்டு நிக்கறேன். அவர கூட்டிட்டு வாங்க, நீங்க வர்ற வரைக்கும் நாங்க இங்கயே இருக்கோம்."

வைத்துவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"அடுத்த ஆளுக்குப் போன் போடும்மா."