கீழே போடாத மட்டை

பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்கிய முதல் பம்பாய்த் தமிழன் நான்தான் என்று ஒரு வருஷம் முழுக்க மாட்டுங்காவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறுத்துப் பேச அங்கே யாருக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அறுபத்து நாலாம் வருஷம். செம்பூரில் மேபிள்டன் பெயின்ட் கம்பெனி என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. அதில் நான், சந்திரமௌலி, டெஸ்பாட்ச் கிளார்க். புது மேனேஜராக வந்த பிரிக்ஸ் துரைக்குச் சொந்த ஊர் ஞாபகம் அதிகம். அக்கம்பக்கத்து ஆலைகளில் வேலை பார்த்த அமெரிக்க இன்ஜினியர்கள், துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்காரர்கள், ஒரு பாதிரிப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் என்று மூன்று டீம் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிக்கொண்டிருந்தன. நாலாவதாக எங்களை இறக்கிவிட அவர் தீர்மானித்து, ஒன்பது பேரைப் பொறுக்கினார். மத்தியானத்துக்கு மேல் எங்களுக்கு ஆட்டம்தான் வேலை. தினம் இரண்டு முட்டை, ஒரு கிளாஸ் பால். நான் முட்டை தொடமாட்டேன் என்பதால் எனக்கு இரண்டு கிளாஸ் பால்.

மாட்டுங்காவில் கிரிக்கெட் ஆடியவன் என்று நானே சொல்லிக்கொண்டதால் கேப்டன் பதவி எனக்கு வந்தது. அது முழுப் பொய் இல்லை. மூன்று வருஷம் பன்னிரண்டாவது ஆளாக இருந்து, ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று வருஷமும் வீட்டுக் கண்ணாடி முன்னால் மட்டையோடு நின்று பார்த்ததில் ஸ்டைல் மட்டும் நன்றாகப் படிந்திருந்தது.

டீமில் நிஜமான ஆட்டக்காரன் ஒருத்தன்தான். இசக்கிமுத்து. தாராவியிலிருந்து வருகிறவன், கோடவுனில் பேக்கிங் வேலை. கோடவுன் வாசலில் நின்று பெயின்ட் டின்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசுவான். லாரிமேல் நிற்கும் காசிம் பிடித்து அடுக்குவான். நாலு வருஷத்தில் ஒரு டின் கீழே விழுந்ததில்லை. துரை ஒருநாள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்ததில்தான் இந்தப் பைத்தியமே ஆரம்பித்தது. இசக்கி பந்து எறிகிறவன், காசிம் பிடிக்கிறவன் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நாலு வருஷம் ஆகியும் இசக்கி டெம்பரவரி. ஐந்து மாசத்துக்கு ஒரு தரம் பதினைந்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புது ஆள் மாதிரி திரும்ப எடுப்பார்கள். அந்த வருஷம் ஹெட் ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது: மார்ச் முடிவதற்குள் பெர்மனென்ட் ஆகாத டெம்பரவரி ஆட்களை இனிமேல் எடுக்கவே கூடாது. துரை இசக்கியைக் கூப்பிட்டார். நான் மொழிபெயர்த்தேன். சீசனில் உள்ள பன்னிரண்டு மேட்சில் ஒன்றே ஒன்று ஜெயித்தால் போதும், ஜெயித்த டீமின் எறிகாரன் என்று மேலே எழுதி அவனைப் பெர்மனென்ட் ஆக்கிவிடுவேன் என்றார். ஜெயிக்காத டீமைப் பற்றி என்னத்தை எழுதுவது என்றும் கேட்டார்.

வெளியே வந்ததும் இசக்கி சிரித்தான். “ஒண்ணே ஒண்ணுதான சார். பன்னெண்டுல ஒண்ணு கூடவா வராது? பக்கா நோக்கிரி, நிரந்தர வேலைன்னு அன்னத்தாய்ட்ட இன்னைக்கே சொல்லிருதேன்.”

அன்னத்தாய் அவன் மனைவி. “தாராளமா சொல்லு,” என்றேன். கேப்டன் இல்லையா.

அமெரிக்காவிலிருந்து மட்டைகள் வந்து இறங்கிய அன்று ஆயுத பூஜை. கம்பெனியில் பூணூல் போட்டவன் நான் ஒருத்தன் என்பதால் சாஸ்திரிகள் உத்தியோகமும் என் தலையில்தான். பெயின்ட் கலக்கும் யந்திரம், தராசு, லாரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிறகு, நாலு மட்டைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எனக்குத் தெரிந்த இரண்டு சுலோகத்தையே நாலு தரம் சொல்லிக் கற்பூரம் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறது?

“இனிமே இது வெறும் கட்டை இல்லை, ஆயுதம். காலால மிதிக்கப்படாது. தரையில தூக்கிப் போடப்படாது,” என்றேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காசிம்கூட மரியாதைக்குத் தலையை ஆட்டினான்.

ஆட்டத்தைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடுவோம். கோட்டுக்குள் மட்டையை நீட்டிவிட்டால் பிழைத்தோம். பேஸ்பாலில் பந்தை அடித்ததும் மட்டையை அங்கேயே எறிந்துவிட வேண்டும். மூன்று மூலையில் கிடக்கும் மூன்று பையையும் மிதித்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து, அங்கே தரையில் பதித்திருக்கும் வெள்ளைப் பலகையையும் மிதித்தால் ஒரு ரன். உடம்பு பட வேண்டும். மட்டை உடம்பில் சேர்த்தி இல்லை. அதற்குள் பந்தை வைத்திருப்பவன் நம்மைத் தொட்டுவிட்டால் அவுட்.

முதல் மேட்சில் எங்கள் ஆட்கள் மட்டையை ஏந்திக்கொண்டே ஓடினார்கள். கப்பல்காரர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். அடிக்க வருகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். அப்புறம், நாங்கள் மட்டையைப் பையின்மேல் பவ்யமாக ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, நிதானமாக நடந்துவந்து பந்தால் தொட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் இருபத்திரண்டு, நாங்கள் பூஜ்யம்.

மட்டையைக் கீழே போடச் சொல்லித் துரை தொண்டை வறளக் கத்தினார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“போடக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதான சார்,” என்றான் டைப்பிஸ்ட் ஞானராஜ்.

“பொட்டு வச்ச சாமான எறிஞ்சா கை வெளங்குமா?” என்றான் இசக்கி.

கேப்டன் என்ற முறையில் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். பந்தை அடித்ததும் மட்டையை இரண்டு கையாலும் மெல்லக் கீழே வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு ஓடுவது. அடுத்த ஆறு மேட்சும் அப்படித்தான் ஆடினோம். நாங்கள் கண்ணில் ஒற்றி நிமிர்வதற்குள் பந்து முதல் மூலைக்குப் போய்ச் சேர்ந்து, பிடித்தவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான். இவ்வளவு பக்தியோடு ஆடும் டீமைத் தான் பார்த்ததே இல்லை என்று பள்ளிக்கூடப் பாதிரியார் ஒருவர் துரையிடம் சொன்னார். துரை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தை பிறந்த பிறகு முதலில் துணிந்தவன் இசக்கிதான். எட்டாவது மேட்சில் பந்தை அடித்தான், ஒரு கணம் கண்ணை மூடினான், மட்டையை எறிந்துவிட்டு ஓடினான். ஒரு சுற்று முடித்து வந்ததும் மட்டையை எடுத்துத் துண்டால் துடைத்து, “கோவிச்சுக்கிடாத தாயி,” என்றான். அவன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்களும் எறிந்தார்கள். இருபத்திரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்ற நாங்கள் ஒன்பதுக்கு ஏழு, ஆறுக்கு ஐந்து என்று கௌரவமாகத் தோற்க ஆரம்பித்தோம்.

எல்லோருக்கும் எறியப் பழகிவிட்டது, எனக்கு மட்டும் பழகவில்லை. பக்தி காரணம் இல்லை. எறிய வேண்டுமென்றால் முதலில் பந்து மட்டையில் பட்டிருக்க வேண்டும். பதினோரு மேட்சிலும் எனக்கு அது நடக்கவில்லை. “ஏன்னா, உங்களுக்கும் அந்தப் பந்துக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?” என்று என் மனைவி ஷ்யாமளா கேட்டாள்.

பன்னிரண்டாவது மேட்ச் மார்ச் மாசக் கடைசி ஞாயிறு, கம்பெனிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், இன்ஜினியர்களோடு. இசக்கிக்கு வேலையில் மூன்று நாள் பாக்கி. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் தளவாய் பயிற்சியில் பந்தை நன்றாக அடித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஒரு நாள் அவனை இறக்கலாமே, சார் உட்கார்ந்து வழிநடத்தலாமே என்று ஞானராஜ் பக்குவமாகச் சொன்னான். கேப்டன் உட்காருவதாவது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“சாரே ஆடட்டும். அவருதான ஆரம்பிச்சு வச்சாரு,” என்றான் இசக்கி.

அன்றைக்கு அவன் எறிந்த மாதிரி நான் பார்த்ததில்லை. இன்ஜினியர்கள் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு காற்றைத்தான் அடித்தார்கள். பிடித்துப் பிடித்துக் காசிமின் உள்ளங்கை வீங்கிவிட்டது. கடைசிச் சுற்றுக்கு வரும்போது அவர்கள் ஏழு, நாங்கள் ஏழு. நாங்கள் அடிக்கும் முறை. இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் எங்கள் முறை முடிந்தது. பொழுது சாய்ந்துவிட்டது, இதோடு முடித்துக்கொள்வோம் என்று அம்பயர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு ரன் வேண்டும். எடுக்க வந்தவன் நான்.

நான் பந்தை அடித்தேன் என்று சொல்லமாட்டேன். மட்டையைச் சுற்றினேன், பந்து வழியில் இருந்தது. அது எல்லார் தலைக்கும் மேலே போய், தரையில் குத்தி உருண்டு, மைதான ஓரத்தில் நின்ற எங்கள் கம்பெனி லாரிக்கு அடியில் நுழைந்துகொண்டது. ஓர் இன்ஜினியர் வயிற்றால் ஊர்ந்து லாரிக்கடியில் போனார்.

நான் ஓடினேன். முதல் பையை மிதித்தேன், இரண்டாவதை மிதித்தேன். டீம் முழுக்கக் கோட்டோரம் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது. என்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது பையையும் மிதித்துத் திரும்பியபோது பந்து லாரிக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்டது, ஆனால் தூரத்தில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் பலகை. நடந்தே போயிருக்கலாம்.

அப்போதும் என் கையில் மட்டை இருந்தது. கண்ணாடி முன்னால் மூன்று வருஷம் பழகிய அந்த அழகான நீட்டல், ஒரு மேட்சில்கூட உபயோகப்படாமல் போனது, எங்கிருந்தோ கைக்கு வந்துவிட்டது. முழங்காலை மடித்து, மட்டையை நீட்டி, அதன் நுனியைப் பலகையின் நட்டநடுவில் ஊன்றினேன். ஊன்றியதோடு நின்றுவிட்டேன். பலகைக்கும் என் காலுக்கும் ஒரு கஜம் இடைவெளி. அப்புறம் மட்டையை உயர்த்தி ஜனங்களுக்குக் காட்டினேன்.

பலகைக்குப் பின்னால் நின்ற இன்ஜினியர் வந்துசேர்ந்த பந்தைப் பிடித்து, வருத்தமான முகத்தோடு அதால் என் தோளில் தட்டினார். அவுட். ஏழுக்கு ஏழு. இருட்டிவிட்டது.

இசக்கி வந்தான். என் கையிலிருந்து மட்டையை வாங்கித் துண்டால் துடைத்தான். “மூச்சு வாங்குது பாருங்க. செத்த உக்காருங்க சார்,” என்றான். என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் துரையிடம் போய், சமம் என்றால் பாதி வெற்றி அல்லவா என்று வாதாடினேன். பாதி வெற்றிக்குப் பாதி பெர்மனென்ட் என்று ஹெட் ஆபீஸில் எதுவும் இல்லையே என்றார். முப்பத்தொன்றாம் தேதி இசக்கி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். டீமையும் கலைத்துவிட்டார்கள். கேப்டன் சார்பில் நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்து, அந்த மட்டையை அவனுக்கு ஞாபகார்த்தமாகக் கொடுத்தேன். எனக்கு என் வேலை இருந்தது, இரண்டு கிளாஸ் பால் மட்டும் நின்றுபோயிற்று.

மூன்று வாரம் கழித்துத்தான் தாராவிக்குப் போகத் தைரியம் வந்தது. துரையிடம் கேட்டு வாங்கிய நற்சான்றிதழ் ஒன்று சட்டைப்பையில் இருந்தது. இசக்கி ஒரு தோல் ஷாப்பில் ஈரத்தோல் சுமக்கப் போகிறான் என்று காசிம் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தான். வாசல் குழாயடியில் அன்னத்தாய் ஒரு கம்பளியைக் கல்லில் போட்டு மொத்திக்கொண்டிருந்தாள். மொத்தியது அந்த மட்டையால்.

“வாங்க சார்,” என்றாள். “இது கைக்கு நல்லா வாகா இருக்கு. தோல் நாத்தம் லேசுல போக மாட்டேங்கு, அதான் ரெண்டு சாத்து கூடச் சாத்துதேன்.”

பொட்டு கரைந்துபோயிருந்தது. நான் சான்றிதழை நீட்டினேன். இசக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து ஜன்னலில் செருகினான்.

கம்பளியைப் பிழிய இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அவன் ஒரு முனையைப் பிடித்தான். “இத கொஞ்சம் பிடிங்க சார்,” என்று மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் எதிர் எதிராக முறுக்க, தோல் நாற்றத்தோடு தண்ணீர் கொட்டியது. என் கையில் இருந்தது ஒரு கட்டை. ஈரமான, நுனி பிய்ந்த, வெறும் கட்டை. இதை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு மைதானம் முழுக்கச் சுற்றினேன் என்று நினைத்தபோது எனக்கு அவமானத்தில் காது சுட்டது. கையை விரித்தேன். மட்டை குழாயடிச் சேற்றில் விழுந்தது.

இசக்கி முறுக்குவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

“இப்பப் போடுதீங்களே சார்,” என்றான்.