தேவாலய வாசலில் எடுத்த படம்

என் வீட்டுக்காரர் ஆனந்தராஜா ஓய்வுபெற்ற அன்று தூக்கிய கமராவை இன்னும் கீழே வைக்கவில்லை. சிட்னி ஹோம்புஷில் நம்மவர்கள் நடத்தும் புகைப்படக் கண்காட்சியில் போன வருடப் பரிசு, இவரோடு சேர்ந்து படமெடுக்கப் பழகிய பாஸ்கருக்குப் போனது. இவருடைய படங்களில் கட்டடம் இருக்கிறது, உயிர் இல்லை என்று நடுவர் மைக்கில் சொல்லிவிட்டார். அதன் பிறகு இவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடத் தலைப்பு, பழைய ஆங்கிலேயக் கிராமம். சிட்னிக்குத் தெற்கே, வெள்ளைக்காரர் தங்கள் ஊரைப் போலவே கல்லால் கட்டிவைத்த ஒரு கிராமத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பழைய நீதிமன்றம், சிவப்புத் தபால்பெட்டி, மதுக்கடைப் பெயர்ப்பலகை எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் ஆள் இல்லை. இவருடைய முகம் தொங்கிப்போனது.

அப்போதுதான் கல் தேவாலயத்தின் முன்னால் ஒரு கூட்டம் தெரிந்தது. மஞ்சள், ரோசா, பச்சை என்று பூப்போட்ட உடுப்புகள். பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சின்னப்பிள்ளையின் கையில் சூரியகாந்திப் பூக்கள்.

"யோகா, கலியாணம். கடவுளாப் பாத்து அனுப்பினது," என்றார்.

எனக்கும் சந்தேகம் வரவில்லை. வெள்ளைச் சேலைகளைக் கண்டால்தான் எங்களுக்கு மனம் திக்கென்னும். இவ்வளவு நிறத்தைக் கண்டால், சாப்பாடு எப்போது என்றுதான் தோன்றும்.

இவர் நேரே போய் எல்லோரையும் படியில் அடுக்கத் தொடங்கினார். எங்கள் கலியாண வீடுகளில் படக்காரர் சொன்னால் மாப்பிள்ளையின் தகப்பனே எழும்பி நிற்பார். அதே அதிகாரம். பெரிய கமராவைக் கண்டு, குடும்பத்தில் யாரோ கூலிக்குப் பிடித்த படக்காரர் என்று நினைத்தார்களோ என்னவோ, சொன்னபடி நின்றார்கள். பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு கிழவர் மட்டும் ஓரமாக நின்றார். அந்த நிறம் படத்தைக் கெடுத்தது. தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கிறவராக்கும் என்று நினைத்து, தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார் இவர். கிழவர் தள்ளினார். இன்னும் என்றார். கிழவர் மதிலடிக்கே போய்விட்டார்.

சிரிக்கச் சொன்னார், சிரித்தார்கள். பொய் சொல்லக்கூடாது, படம் அருமையாக வந்தது.

நீளமான கார் ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. கலியாணப் பொம்பிளை வருகுது என்று இவர் மறுபடி கமராவைத் தூக்கினார். காரின் பின்கதவைத் திறந்து, ஆள் நீளத்தில் ஒரு பிரம்புப் பெட்டியை இறக்கினார்கள். மேலே சூரியகாந்திப் பூக்கள். சிரித்துக்கொண்டு நின்றவர்கள் அழத் தொடங்கினார்கள்.

என் பக்கத்தில் நின்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். தன்னுடைய இறுதிச்சடங்கில் யாரும் இருண்ட நிறம் உடுத்தக்கூடாது என்று அம்மா சொல்லிவைத்தாராம். அப்பா மட்டும், அம்மா பின்னிக்கொடுத்த பழுப்பு ஸ்வெட்டரைத்தான் போடுவேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாராம்.

மதிலடியிலிருந்து கிழவர் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

அந்த நிமிடம் இந்த மனுசனை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஓடலாம் போல இருந்தது.

"இஞ்சருங்கோ, போவம்," என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் கிழவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். தான் தள்ளி நின்றது போதுமா, படம் சரியாக வந்ததா என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக நின்று வருடக்கணக்காகிறதாம். தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன்னே கிழவர் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

காருக்குள் வந்து கமராத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்காட்சிக்கு அனுப்பும் நினைப்பு இருவருக்கும் விட்டுப்போயிருந்தது. படத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது.

"இதை அந்த மனுசனிட்ட எப்பிடிக் குடுக்கிறது, யோகா?" என்றார்.