மேடையில் வாசித்த வரி

ஊரில் யாருக்காவது நூறு வயது நிறைந்தால் நகராட்சி அவருக்கு விழா எடுக்கும். அன்று மேடையில் வாசிக்கும் வாழ்த்து மடலை எழுதுகிறவன் நான். பதினேழு வருடங்களாக எழுதுகிறேன். மற்ற நாட்களில் குடிநீர்க் குழாய் மனுக்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தாதான் என்றாலும், மடல் விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் அதிகம். ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அந்தக் கோபம் ஒருத்தியின் உயிரைக் குடித்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வருடம் நூறைத் தொட்டவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி, இரண்டே அறைகள். கூட மகள் மட்டும். எழுபது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குறிப்பு எடுக்க நான் போனபோது அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே தூக்கு. கிழவருக்கு உடம்புதான் விழுந்திருந்ததே தவிர புத்தி கத்தியாக இருந்தது.

"இவ்வளவு நாள் இருக்கிறதுக்கு என்ன காரணங்கய்யா?" என்று வழக்கம்போல் கேட்டேன்.

"என்ன பெரிய காரணம்? இவ விட மாட்டேங்கிறா" என்றார்.

மூவரும் சிரித்தோம். மகள் மட்டும் சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். நான் அதைப் பார்த்தேன். குறித்துக்கொள்ளவில்லை.

மடலில் தப்புத் தகவல் எதுவும் இல்லை என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் விதி. மகள் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். டைப்பிஸ்ட் கண் அல்லவா, வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. 'பெற்ற மகளின் பாசமிகு பராமரிப்பில் குறையேதுமின்றி வாழ்ந்துவருகிறார்.' மூன்று மடலிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

"சார், இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க."

"ஏம்மா? உங்களைப் புகழ்ந்துதானே எழுதியிருக்கேன்?"

"எனக்கு வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. மூணு மாசம் ஒரு வாளி தண்ணி கூடத் தூக்கக் கூடாதாம். அதுவரைக்கும் அப்பாவ நம்ம நகராட்சி முதியோர் இல்லத்துல வெச்சுக்கச் சொல்லி மனு போட்டிருக்கேன். பார்த்துக்க ஆள் இல்லாதவங்களுக்குத்தான் அங்க இடம். விழாவுக்கு இல்லத் தலைவரும் வர்றாராமே. அவர் காதுல இது விழுந்தா கதை முடிஞ்சுது."

அவர் நிதானமாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். புரியவில்லை என்று நான் தப்பிக்க வழியில்லை. ஆனால் மூன்று மடல்களும் அச்சாகிச் சட்டம் போட்டு வந்துவிட்டன. திருப்பி அனுப்பினால் மேலாளரிடம் போய் நிற்க வேண்டும். அதைவிட, என் வரியை எடு என்று ஒருவர் சொன்னதே எனக்குப் பொறுக்கவில்லை.

"வாழ்த்து மடலையெல்லாம் யாரும்மா காது குடுத்துக் கேக்கப் போறாங்க? கைதட்டிட்டுப் போயிடுவாங்க. போடுங்க கையெழுத்து."

அந்த வரியை இன்னொரு முறை விரல் வைத்துப் படித்தார். பிறகு போட்டார். நாற்பது வருடம் யார் யாரோ சொன்னதை அப்படியே அடித்துக் கொடுத்துப் பழகியவர். எதிர்த்துப் பேசத் தெரியவில்லை.

விழாவில் நானே வாசித்தேன். அந்த வரிக்குத்தான் அரங்கம் அதிரக் கைதட்டல். முன்வரிசையில் இருந்த இல்லத் தலைவர் எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்து, "உங்களை மாதிரிப் பொண்ணு எல்லாருக்கும் வாய்க்கணும்மா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பதாரரின் தந்தை மகளின் பராமரிப்பில் குறையேதுமின்றி இருப்பது நகராட்சியின் மடலிலிருந்தே தெரிவதால் மனு நிராகரிக்கப்படுகிறது. மீண்டும் விண்ணப்பிக்க ஆறு மாதம் ஆக வேண்டும். அவர் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மேலாளரிடம் ஓடினேன்.

"நகராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டு மேடையில படிச்சது. இப்ப அது பொய்னு எழுதிக் குடுக்கப் போறியா?"

"இல்ல சார்" என்றேன்.

எழுதிக் கொடுத்திருக்கலாம். வேலையெல்லாம் போயிருக்காது. ஒரு மெமோ வந்திருக்கும், நாலு பேர் கேலி செய்திருப்பார்கள். அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் 'இல்ல சார்' என்றேன். வெளியே காத்திருந்தவரிடம் அடுத்த முறை கண்டிப்பாகக் கிடைக்கும் என்று மென்று விழுங்கினேன். அவர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்.

ஐந்தாவது மாதம், அப்பாவைக் குளிப்பாட்டத் தூக்கியவர் அப்படியே குளியலறையில் சரிந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

மூன்று நாளில் இல்லத்திலிருந்து அனுமதி உத்தரவு வந்துவிட்டது. யாரும் கேட்கக்கூட இல்லை. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் அனுப்பப் பார்த்தார்கள். நானே போகிறேன் என்றேன்.

கிழவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டு அம்மாள் அவருடைய துணிகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உத்தரவைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"அன்னைக்குக் கேட்டப்ப இடம் இல்லைன்னாங்களே, இப்ப எப்படிக் குடுத்தாங்க?"

"இப்ப உங்களைப் பார்த்துக்க ஆள் இல்லைங்கய்யா. அதான் விதி."

"ஓ." தாடை மெல்ல அசைந்தது. "ஒருத்தர் போனாத்தான் வழின்னு அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா. நான் போயிருப்பேனே. நூறு வயசுக்காரனுக்கு அது என்ன பெரிய வேலையா? ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தாப் போதும்."

கீழ்வீட்டு அம்மாள் பையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அதுவும் ஒரு கேடுதான். கிழவர் எழுந்திருக்க முடியாமல் இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டினார். மூன்று மாடி இறங்க வேண்டும். எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.